தோளுக்குள் ஓடிய சுண்டெலி

எத்தனை நெரிசலானாலும் நகரப் பேருந்தை ஊசியில் நூல் கோப்பதுபோல நுழைத்துவிடுவாள் டிரைவரம்மா. ஆனால் சுண்டெலி என்று யாராவது சொன்னால் போதும், நாற்காலிமேல் ஏறிவிடுவாள். கல்யாணப் பேச்சுக்கும் பிடிகொடுக்கமாட்டாள். நாற்பதைத் தாண்டியும் அண்ணன் வீட்டு மாடி அறையில் நிம்மதியாகத் தனியே இருந்தாள்.

திடீரென்று வலது தோள் மக்கர் செய்தது. கை காதுக்கு மேலே எழவில்லை. தலை வாரிவிட அண்ணி வரவேண்டியிருந்தது. தோள் சரியாகும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று பணிமனையில் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பிசியோதெரபிக்குப் போனாள்.

அங்கிருந்த தெரபிஸ்ட் வாய் ஓயாத மனிதர். தோளை அமுக்கியபடியே கேட்டார்:

"மசில்ங்கிற வார்த்தை எங்கேருந்து வந்துச்சு தெரியுமாங்க?"

"தெரியாது. மெதுவா அமுக்குங்க."

"லத்தீன்ல முஸ்குலுஸ். சுண்டெலின்னு அர்த்தம். கையை மடக்கினா தோலுக்கு அடியில குடுகுடுன்னு ஒண்ணு ஓடுற மாதிரி இருக்கில்ல? இப்ப உங்க தோள்லகூட…"

அவர் முடிப்பதற்குள் டிரைவரம்மா கட்டில்மேல் எழுந்து நின்று, ஜன்னலின் மேல்கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கையைப் பாருங்க," என்றார் அவர் மெல்ல.

பார்த்தாள். வலது கை தலைக்கு மேலே இருந்தது. வலி உயிரை வாங்கியது. சிரிப்பு அதைவிடப் பொங்கி வந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். வெளியே காத்திருந்த நோயாளி எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு இப்போது வலி பரவாயில்லை என்று கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நாளில் தோள் குணமானது. மறுபடி வண்டி ஓட்டினாள். ஆனாலும் பணி முடிந்ததும் அங்கே போய் நின்றாள்.

"அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்குங்க வர்றீங்க?"

"இன்னும் எத்தனையோ வார்த்தை பாக்கி இருக்கே."

அவருக்குக் காது நுனிவரை சிவந்தது. விஷயத்தைக் கேட்ட அண்ணி கரண்டியைக் கீழே போட்டாள்.

"எலியைப் பத்திப் பேசுறவரையா கட்டிக்கப்போற?"

"பேசட்டும் அண்ணி. அவர் பேசினா எனக்குக் கால் தரையில நிக்கமாட்டேங்குது."

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று மாலையே அவளுக்குப் பணி. கழுத்தில் கல்யாண மாலையோடு வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார் மாப்பிள்ளை. அவர் பேச வாயெடுத்ததும், ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்ற பலகையைக் கண்டக்டர் விரலால் தட்டிக் காட்டினார். வண்டி முழுக்கச் சிரித்தது. டிரைவரம்மா ஹாரனை ஒரு நீள அழுத்து அழுத்திவிட்டு, வண்டியைக் கிளப்பினாள்.