இரண்டாவது சரணத்தில் களைக்கிற பாட்டு

பழைய றெக்கோட் விற்கிறவனுக்குக் காது தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். ஏனென்றால் கடைக்கு வருகிறவர்களில் அரைவாசிப் பேர் பாட்டுக் கேட்க வருவதில்லை, பாட்டைப் பற்றிக் கதைக்கத்தான் வருகிறார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு தையல் கடைக்கு மேலே, தகரக் கூரையின் கீழ் இந்த வியாபாரத்தைச் செய்கிறேன். இசைத்தட்டு வாங்குவேன், விற்பேன். கேட்டால் அதிலுள்ள பாட்டைப் பென்டிரைவில் ஏற்றியும் கொடுப்பேன். அதாவது, பழசுதான் திறம் என்கிறவரிடமும் புதுசுதான் திறம் என்கிறவரிடமும் ஏச்சு வாங்குகிற ஆள். கடை வைத்து நொந்துபோன சக பாவிகளே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வலி விளங்காது.

சூடு

கனடாவிலிருந்து லீவில் வந்த ஒருவர் இணுவிலில் மாமியார் வீட்டில் நின்றார். ஒரு பங்குனி மத்தியானம் மனைவியையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு ஏறினார். ஏறியவர் ஒரு தட்டையும் தொடவில்லை. டிஜிட்டல் பாட்டு என்பது விறைத்துச் செத்த பாட்டு என்றார். றெக்கோட்டில்தான் ஒரு 'வாம்' இருக்கிறதாம், அந்தச் சூடு நேரே நெஞ்சுக்குள் இறங்குமாம். அங்கே தன் வீட்டு ஊசி எந்த நாட்டில் செய்தது, வயர் எவ்வளவு தடிப்பு என்பதையெல்லாம் விளக்கினார். என்னிடம் ஊசி என்ன ஊசி என்று கேட்டார். குத்துகிற ஊசி என்றேன், அவர் சிரிக்கவில்லை.

மனைவி இவ்வளவு நேரமும் ஒரு றெக்கோட் உறையால் விசிறிக்கொண்டு நின்றார். அன்று என் கடைப் பொருளால் ஒரு மனிதருக்குக் கிடைத்த ஒரே பிரயோசனம் அதுதான். கணவர் மூன்றாம் முறை 'சூடு' என்று சொன்னபோது அவர் உறையை மேசையில் வைத்தார். "சூடு வேணுமெண்டால் உந்தத் தகரத்துக்குக் கீழை வடிவா இருங்கோ. நான் கீழை போய் ஒரு சர்பத் குடிச்சிட்டு வாறன்."

கதைக்கத் தேவையில்லை

மரியதாஸ் அண்ணை குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிறவர். சூடு, குளிர் என்று எந்தக் கொள்கையும் இல்லாமல் என் கடைக்கு வந்த முதல் மனிதர். அவருக்கு ஒரேயொரு பழைய படப் பாட்டு வேண்டும், அதுவும் தட்டாக வேண்டும். பெருநாளுக்கு முன்னர் வேண்டும். வேதக்கோயில் பெருநாளுக்கு அவருடைய தமையன் அந்தோனி நோர்வேயிலிருந்து வருகிறார். தாயின் செத்த வீட்டுக்கு மூத்தவர் வரவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை.

நான் என் வியாபாரத்தின் வாயில் நானே மண் போடுகிற ஆள். போனை எடுத்து அந்தப் பாட்டைத் தேடிக் காட்டி, இதைப் போட்டால் முடிந்தது, ஏன் அலைகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கை கழுவாமல் வந்திருந்தார், எஞ்சின் எண்ணெய் பட்டுவிடும் என்று போனைத் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். இரண்டு வரி கேட்டுவிட்டு நிற்பாட்டச் சொன்னார். "உது ஊருக்குப் பொதுவான பாட்டு, தம்பி. எங்கடை வீட்டிலை பாடினது தட்டு. அண்ணை வந்தால் என்னத்தைக் கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. தட்டைப் போட்டுவிட்டால் கதைக்கத் தேவையில்லைத்தானே."

சுத்தினால் காணும்

அந்தத் தட்டு என்னிடம் இல்லை. ஆட்களிடம் சொல்லிவைத்துத் தேடிக்கொண்டிருந்த நாளில் கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். தட்டுச் சுத்துவதை வீடியோ எடுக்கவேண்டும் என்றார்கள். சந்தோசமாகப் போட்டேன். மேசையைத் துடைத்தார்கள், என் மின்விசிறியை நிற்பாட்டினார்கள், என்னையும் ஒரு பக்கமாக நிற்பாட்டினார்கள். ஊசி இறங்குகிற காட்சியை மட்டும் நாலைந்து தரம் எடுத்தார்கள்.

இரண்டு நாளில் அதில் ஒரு பிள்ளை வந்து வீடியோவைக் காட்டியது. என் தட்டுத்தான், என் ஊசிதான். பாட்டு மட்டும் வேறு. ஏன் என்று கேட்டேன். "உங்கடை தட்டு நல்ல வடிவாச் சுத்துது, அண்ணை. சத்தம் கொஞ்சம் இரைச்சலாக் கிடந்தது. அதாலை போனிலை இருந்த பாட்டைப் போட்டிட்டம்."

சுவருக்குக் காதில்லை

பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கையில் உடுவிலில் ஒரு கலியாணத்துக்குப் போனேன். பொம்பிளை மாப்பிளைக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புத் தட்டுகள். அதுதான் இப்போது புதுச் சோடனையாம். எனக்கு மொய் கொடுக்கிற எண்ணமே மறந்துபோனது. படம் எடுக்க மேடையில் ஏறியவன் கழுத்தைத் திருப்பி ஒவ்வொரு தட்டின் நடுவிலும் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தேன். அந்தக் கலியாண அல்பத்தில் எல்லாரும் கமராவைப் பார்க்க, நான் ஒருவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பொம்பிளையின் தலைக்கு மேலே, மரியதாஸ் அண்ணை தேடிய தட்டு நடு ஓட்டைக்குள் ஆணி வாங்கித் தொங்கியது. ஓட்டையோடு வந்த பொருள் என்பதால் உயிர் தப்பியது.

சோடனைக்காரரைப் பிடித்துப் பந்திக்கு முன்னாலேயே விசயத்தைச் சொன்னேன். யாரோ விற்ற பழைய வீட்டிலிருந்து பெட்டியோடு வாங்கினதாம், ஒன்றையும் வாசித்ததில்லையாம். என்ன பாட்டு என்றுகூடத் தெரியாமல் தொங்கவிடலாமா என்று நான் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். "என்ன பாட்டெண்டு சுவர் கேக்கப் போகுதே? கறுப்பா வட்டமா இருந்தால் காணும். உமக்கு வேணுமெண்டால் கழட்டும், நான் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குக் கறுப்புப் பெயின்ற் அடிச்சுக் கொழுவுறன்."

களைப்பு

தட்டைக் கழுவித் துடைத்து மரியதாஸ் அண்ணையைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். நல்ல தட்டு, ஒரு கீறல் இல்லை. பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். அவர் முகம் வரவரச் சுருங்கியது. இரண்டாவது சரணம் பிழையாக ஓடுகிறது என்றார். வேகம் சரி என்று நான் அளந்து காட்டியும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் விசயம் வெளியே வந்தது. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றறியும் கிடையாது. இவர்கள் வீட்டில் இருந்தது பற்றறியில் ஓடுகிற சின்ன றெக்கோட் பிளேயர். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து அதற்கு வயர் இழுத்திருந்தார்கள். மூத்தவர் ஏறிப் பெடல் உழக்குவார், வீடு பாட்டுக் கேட்கும். இரண்டாவது சரணத்தில் அவர் களைப்பார், கால் தளரும், பாட்டும் இழுக்கத் தொடங்கும். பாடுகிற பெண்ணின் குரல் மெல்ல ஆம்பிளைக் குரலாகிவிடும். குசினியில் சமைக்கிற தாய், அவளைக் கொல்லாதையடா என்று கத்துவாராம். அந்தப் பாட்டை இவர் அப்படித்தான் பாடமாக்கி வைத்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாட்டைத் திருத்திக் கொடுக்கிற ஆசையும் வந்தது. கொம்பியூட்டர் இருக்கப் பயமேன் என்று பாட்டை அதில் ஏற்றி, இரண்டாவது சரணத்தை என் கையால் இழுத்துவிட்டேன். கலைஞன் என்ற நினைப்பில் கொஞ்சம் தாராளமாகவே இழுத்தேன். மரியதாஸ் அண்ணை கண்ணை மூடிக் கேட்டார். "அண்ணைக்கு இவ்வளவு களைப்பு வராது, தம்பி. வேகத்தைக் கொஞ்சம் கூட்டும்."

வாங்கில் இருவர்

வீட்டில் இப்போது பிளேயர் இல்லை என்று, பெருநாள் முடிந்த மறுநாள் அண்ணனும் தம்பியும் கடைக்கு வந்தார்கள். நீட்டு மர இருக்கையான வாங்கின் ஒரு தலைப்பில் இவர், மறு தலைப்பில் அவர். நடுவில் இன்னும் இரண்டு பேர் இருக்கலாம். இரண்டு பேரும் என்னோடுதான் கதைத்தார்கள். தம்பிக்கு இடுப்பில் அந்த நாரி நோ மாறிவிட்டதா என்று அந்தோனி அண்ணை என்னிடம் கேட்டார், நோர்வேயில் இப்போது குளிரா என்று மரியதாஸ் அண்ணையும் என்னிடமே கேட்டார். நான் நோர்வேக்குப் போனதில்லை, நாரி வைத்தியமும் தெரியாது. களைக்கிற பாட்டைப் போடவா, களைக்காத பாட்டைப் போடவா என்று மெதுவாகக் கேட்டேன். மரியதாஸ் அண்ணை தட்டைக் காட்டினார்.

பாட்டு ஓடியது. இருவரும் சுத்துகிற தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிய இப்படியே எழும்பிப் போய்விடுவார்களோ என்று எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. இரண்டாவது சரணம் தொடங்கியது. வாங்கின் கீழே அந்தோனி அண்ணையின் வலது கால் தன்பாட்டில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பாட்டு ஒரு சொட்டும் களைக்காமல் ஓடியது. அவர் நெற்றியைச் சுருக்கி, அன்று முதல் தடவையாகத் தம்பியின் பக்கம் திரும்பினார். இந்த இடத்தில் பாட்டு இழுக்கவேண்டுமே, ஏன் இழுக்கவில்லை என்று தம்பியிடமே கேட்டார். மரியதாஸ் அண்ணை தட்டைப் பார்த்தபடி பதில் சொன்னார். "உழக்க நீங்கள் இருக்கேல்லையே, அண்ணை."

றெக்கோட் திறமா, டிஜிட்டல் திறமா என்று இனியும் என் கடைக்குப் படியேறி வருகிறவர்கள், தயவுசெய்து முதலில் சைக்கிள் உழக்கிக் களைக்கிற ஓர் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வரவும்.