திருவொற்றியூர் தாண்டி எடுத்த வேகம்

காலையில் எங்கள் ராயபுரம் தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் பெட்டிக்குள் கரியைப் போட்டு விசிறிக்கொண்டிருந்தார். ஒரு பொறி கிளம்பி என் பக்கம் வந்தது. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன். "பயந்துக்கினியா தம்பி? சட்டதான் ஓட்டையாவும், நீ ஆவமாட்ட" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ரயில் எஞ்சினில் போடுவது நிலக்கரி, இது அடுப்புக்கரி, வாசனை வேறுதான். மூக்கு அதையெல்லாம் கேட்கவில்லை.

கரி என்றால் எனக்கு யூசுப்தான். கொருக்குப்பேட்டைக்காரன், பாலிடெக்னிக்கில் பக்கத்து பெஞ்சு. மற்ற பையன்கள் பைக்கைப் பற்றிப் பேசும்போது, எந்த எஞ்சின் எப்படி ஆட்டும் என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். நான் புத்தகத்தில் படித்ததை அளப்பேன். "வாய்ல ஓட்டாத மாமு, வண்டில ஏறிட்டு சொல்லு" என்பான். நீராவி வண்டிக்கு எங்கே போவது? நாங்கள் பிறப்பதற்குள்ளேயே அதெல்லாம் போய்விட்டது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய எஞ்சின் ஒன்றைத் துடைத்து எண்ணெய் போட்டு, எண்ணூர் வரை சுற்றுலா வண்டியாக விட்டார்கள். அடித்துப் பிடித்து எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் ஜன்னலோரம் பிடித்தோம். தலையை நீட்டினால் கண்ணில் கரித்தூள் விழும் என்று தெரியாதவர்களா நாங்கள்? பட்டறைக்காரர்கள் போடும் கண்ணாடி வாங்கி வைத்திருந்தோம். ஒன்றே ஒன்று. ஒரு ஸ்டேஷன் வரை அவன், அடுத்தது வரை நான் என்று முறை.

நீராவி வண்டி மெதுவாகப் போகும்போதுதான் அதிகம் இடிக்கும், தெரியுமா? பிஸ்டனின் ஒவ்வொரு தள்ளலும் முதுகில் வந்து விழும். திருவொற்றியூர் தாண்டியதும் வேகம் பிடித்தது. தள்ளல்கள் ஒன்றில் ஒன்று கரைந்து ஒரே இழுப்பாகிவிட்டன. ஆனால் எஞ்சின் பக்கவாட்டில் மூக்கை ஆட்ட ஆரம்பித்தது. அந்த ஆட்டம் எங்கள் பெட்டியின் இடுப்பு வரை வந்தது. கண்ணாடி என் முறை. "யூசுப், சக்கரத்து ராடைப் பாருடா, சுத்துறதே தெரியல!" என்று கத்தினேன். அவனும் எட்டிப் பார்த்தான்.

"மாமு, கண்ல இன்னாவோ பூந்துக்கிச்சு. எரியுது. இன்னான்னு பாரேன்."

"ஒரு நிமிஷம் இருடா, இப்பதான் வேகம் எடுக்குது."

அந்த ஒரு நிமிஷம் கத்திவாக்கம் வரை போயிற்று. நான் திரும்பியபோது அவன் சட்டைக் கையால் கண்ணைத் தேய்த்துத் தேய்த்து ரத்தமாக்கி வைத்திருந்தான். தூள் விழுந்ததைவிடத் தேய்த்ததுதான் கெடுதல் என்றார் டாக்டர். கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. உதவி லோகோ பைலட் வேலைக்கு எழுத்துத் தேர்வில் யூசுப் பாஸ். கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் எழுத்திலேயே ஃபெயில் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அவன் வண்ணாரப்பேட்டையில் அத்தாவின் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்திருக்கிறான். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "உன் டர்ன்தானடா அது. எட்டிப் பாத்தது நானு. சும்மா பேஜார் பண்ணாத" என்பான். நோன்புக் கஞ்சி ஊற்றும்போது அவன் அம்மா கரண்டியை அடிவரை விட்டு, கறித்துண்டாகப் பார்த்து எனக்குப் போடுவார். திட்டியிருந்தால் வயிறாரச் சாப்பிட்டிருப்பேன். இன்னொன்றும் இருக்கிறது, சொல்லக் கூசுகிறது: அந்த ஓட்டம் இன்னும் என் உடம்பில் இனிக்கிறது. அதைப்போல ஒரு வண்டியில் நான் அப்புறம் போனதே இல்லை.

சாயங்காலங்களில் எப்போதாவது கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் இருவரும் நிற்போம். முன்பெல்லாம் தூரத்தில் வரும் எஞ்சினின் நம்பரை யார் முதலில் படிப்பது என்று போட்டி. தோற்றவன் சுண்டல் வாங்கித் தரவேண்டும். நான் ஜெயித்ததாக ஞாபகமே இல்லை. இப்போது போட்டி கிடையாது. எஞ்சின் விளக்கு அடித்தால் அவனுக்கு அந்தக் கண்ணில் நீர் கொட்டும், கூடவே மற்றதும் கூசி மூடிக்கொள்ளும். தலையைக் குனிந்துகொண்டு, "நம்பர் இன்னா மாமு?" என்று கேட்பான். எனக்கும் தெரியாதது போல நானும் கண்ணைச் சுருக்குவேன். விளக்கு எங்களைத் தாண்டியதும் பக்கவாட்டு நம்பர் அவனுக்கே தெரியட்டும் என்று இழுத்தடிப்பேன்.

போன வாரமும் அப்படித்தான் நின்றேன். குனிந்த தலையை அவன் நிமிர்த்தவில்லை.

"நடிக்காதடா. படி."