என். ஏ. எழுதிய வீடு

போன சனிக்கிழமை ஒரு பழைய வீட்டின் முன்னால் நின்று கைதட்டினோம். வீட்டுக்கு அல்ல... அதன் வாசலில் புதிதாக நட்ட பலகைக்கு!

ஜெர்மனியில், பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். லினன் துணி விற்றுப் பெரிய ஆளான ஒரு வணிகர், சந்தைச் சதுக்கத்தில் கட்டிய வீடு அது. தெருவைப் பார்த்த முகப்பு முழுக்கக் கல். உச்சி படிப்படியாக ஏறி, சின்னக் கோட்டை போல நிற்கும். பின்பக்கம் போய்ப் பாருங்கள் — வெறும் மரச்சட்டமும் களிமண்ணும்தான். கீழே வண்டியோடு உள்ளே வரக்கூடிய உயரமான கூடம். மேலே துணி மூட்டைகளை ஏற்றிய கப்பி. வாசல் உத்தரத்தில் வணிகரின் பெயரும் மனைவியின் பெயரும் ஓர் எழுத்தும் குறையாமல் செதுக்கப்பட்டிருக்கும்.

இதையெல்லாம் தேடிப் பிடித்துப் பலகைக்கு எழுதியது நான். ஒரு குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டின் பரணில் தூசி தின்றிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவளும் நான்தான். இந்த இரண்டையும் அடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது.

அதனால்தான் அப்பாவையும் கூட்டிப் போனேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஜெர்மன் எழுத்தில் அவர் அடையாளம் காணும் ஒரே சொல், கையெழுத்துப் போடப் பழகிய தன் பெயர் — அருளானந்தம். அப்பாவின் பெயர்தானே இங்கே நமக்குக் குடும்பப் பெயர்? பலகையில் அது இருக்கும் என்று சொல்லியிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் பலகையில் விரல் வைத்துத் தேடினார். மேலிருந்து கீழே. கடைசி வரியில் விரல் நின்றது.

"பிள்ளை, என்ரை முதல் எழுத்து நிக்குது. மிச்சம் எங்கை?"

குனிந்து பார்த்தேன். புகைப்படக்காரருக்கு முழுப்பெயர். நன்கொடையாளருக்குப் பட்டத்தோடு முழுப்பெயர். எழுதியவர்: என். ஏ.

நிரோஷா அருளானந்தத்தின் சுருக்கமாம்! ஆங்கிலப் படிவங்களில் 'பொருந்தாது' என்பதற்கும் இதே இரண்டு எழுத்துகள்தான்.

பலகை வைத்த சங்கத்தின் தலைவியிடம் போனேன். சிரித்தபடியே சொன்னார்: "பெயர் நீளம், வரியில் இடமில்லை. உங்கள் வழக்கத்தில் அப்பா பெயரை ஒரே எழுத்தாகத்தானே போடுவீர்கள்? காபி குடிக்கும்போது நீங்களே சொன்னீர்களே!"

சொன்னேன்தான். ஆனால், எங்கள் ஆட்கள் அந்த ஓர் எழுத்தைப் பார்த்தால் 'ஆருடைய மகள்?' என்று கேட்பார்கள். இங்கே யார் கேட்கப் போகிறார்கள்?

"என்னவாம்?" என்றார் அப்பா.

"இடம் காணாதாம், அப்பா."

பலகையின் அடியில் ஒரு சாண் வெறுமையாகக் கிடந்தது. அதைக் காட்டினார். "நானென்ன, பாய் போட்டுப் படுக்கவே கேட்டனான்?"

சிரித்தேன்.

நம்மைப் பற்றி யாராவது ஆசையாகக் கேட்டால் குளிர்ந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கு வசதிப்படும் நாளில், நம் வழக்கமே நமக்கு எதிராகச் சாட்சிக்கு வருகிறது.

திங்கட்கிழமை தலைவி அழைத்தார். அடுத்த தெருவில் இன்னொரு பழைய வீடு... அதற்கும் எழுதித் தர வேண்டுமாம்.

"முதலில் என் பெயரை முழுதாக அச்சடியுங்கள். மிஞ்சும் இடத்துக்குத் தகுந்தபடி வீட்டின் வரலாற்றைச் சுருக்கித் தருகிறேன்" என்றேன்.

யோசிக்கிறார்களாம்!