பீப்பாயைத் திறந்து திறந்து பார்த்தவன்

வங்காளத்துக் கிடர்பூரில் நானும் மிதாலிதியும் ('தி' என்றால் அக்கா) நடத்தும் சின்ன பீர் ஆலையில் முதல் பீப்பாயை இன்று திறந்தோம். காற்றில் இருக்கும் ஈஸ்ட், கந்தராஜ் எலுமிச்சைத் தோல், பதினான்கு மாதக் காத்திருப்பு. எங்கள் முதல் சரக்கு.

மிதாலிதி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினார்.

சுத்தமான வினிகர்.

"அடைப்பை எத்தனை தடவை திறந்தே?" வங்காள மொழியில்தான் கேட்டார்.

"வாரம் ஒரு தடவை. சாம்பிள் எடுக்க."

"ஒவ்வொரு தடவையும் காத்து உள்ளே போய் வினிகராக்கிடும்னு தெரியாதா பாபு?"

தெரியும். கெமிக்கல் இஞ்சினியரிங் படித்தவன். சும்மா இருக்கத்தான் முடியவில்லை. சாம்பிள்களை வைத்து நான் வரைந்த கிராஃபில் புளிப்பு ஏறுவது தெரிந்தது. புளிக்க வேண்டிய பீர்தானே, நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"கிராஃபைக் காட்டட்டுமா?" என்றேன்.

"அதையே பாட்டில்ல ஊத்தி வித்துடு."

லேபிள் ஒட்டிய காலி பாட்டில்களைத் திரும்ப அட்டைப்பெட்டியில் அடுக்கினேன்.

இருநூறு லிட்டர் இருக்கிறது. ஊறுகாய் போடுகிறவர்கள் கேனோடு வரலாம். ருசி பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம்.