கேலபின் அறுநூற்று நான்கு

முப்பத்தொரு வருஷமாக எண்களைச் சொல்லிப் பிழைக்கிறவன் நான். ஒன்றைக் கூட்டிச் சொன்னால் மறுநாளே ஊர் சிரித்துவிடும். அதனால் இதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். நம்பாதவர்கள் டொலிடோ நகரத்துக்கு வாருங்கள், அளவுத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. தேதி, நேரம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கிறது.

என் பட்டறையில் தரையோடு தரையாக இரண்டு இரும்பு உருளைகள். காரின் பின்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, பாய்ந்துவிடாமல் பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, எஞ்சினை முழு வேகத்துக்கு முறுக்க வேண்டும். உருளை எத்தனை சீக்கிரம் வேகம் எடுக்கிறதோ, அதை வைத்துக் கணினி குதிரைத்திறனைச் சொல்லிவிடும். இதுதான் தொழில்.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. அன்று அளப்பு நாள். பதினேழு வண்டிகள் வரிசையில் நின்றன. இங்கே ஒரு வழக்கம் உண்டு. வண்டியை ஏற்றும் முன் சொந்தக்காரன் தன் எண்ணைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுத வேண்டும். எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது.

கேலபுக்கு இருபத்து நாலு வயது. 1970 மாடல் செவெல் கார். எஞ்சினை அவனும் அவன் சிநேகிதன் நோலனும் மூன்று வருஷமாகப் பிரித்துக் கோத்திருந்தார்கள். பலகையில் 600 என்று எழுதினான்.

வந்தது 488.

நான்தான் மைக்கில் சொன்னேன்: "நூத்திப் பன்னெண்டு குதிர மேயப் போயிருக்கு தம்பி. சாயந்திரம் வந்துரும், கவலப்படாத."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். காது மட்டும் சிவந்துவிட்டது.

அதற்கப்புறம் அவன் போகிற இடமெல்லாம், "குதிர வந்துச்சாடா?" என்று கேட்டிருக்கிறார்கள். நவம்பரில் ஒரு ஞாயிறு காலை, குளிருக்காகக் கேரேஜ் கதவை இறக்கிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து ஊட்டும் கார்புரேட்டரைத் திருகித் திருகிப் பார்த்திருக்கிறான். காணாமல் போன நூற்றுப் பன்னிரண்டைத் தேடியிருக்கிறான். புகை அவனைக் கொன்றது.

நவம்பர் 19, அடக்கத்தன்று சாயந்திரம், அக்டோபரில் கணினி வரைந்த அவன் வண்டியின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். உச்சியில் கோடு நெளிந்திருந்தது. டயர் உருளைமேல் வழுக்கியிருக்கிறது. பட்டை லூஸாக இருந்தால் வழுக்கும், வழுக்கினால் எண் குறையும். பட்டை கட்டியது நான். பட்டையை இறுக்கும் ராட்செட் பல்சக்கரத்தில் இரண்டு பல் குறைவாக இறுக்கியிருக்கிறேன். அவசரம்.

யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாப்பாடு ருசிக்கவும் இல்லை, கசக்கவும் இல்லை. மரத்துப் போயிருந்தேன்.

பிப்ரவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை. மதியம் 2:20. வெளியே பனி. கேலபின் அம்மா வெர்னா, வாடகை டிரெய்லரில் அந்த செவெலைக் கொண்டுவந்து இறக்கினாள். நோலனுக்கு அன்று வேலை. டிரெய்லர்காரன் காத்திருக்கமாட்டேன் என்று கிளம்பிவிட்டான்.

"எம் புள்ள புளுகன்னு ஊரே பேசுது, ரோலண்ட்," என்றாள். "அவன் பொய் சொல்லிட்டுச் செத்தானா, நெசம் சொல்லிட்டுச் செத்தானா? எனக்கு அது தெரியணும். வேற எதுவும் வேணாம்."

"மூணு மாசமா ஓடாத வண்டி, வெர்னா. ஸ்டார்ட் ஆவுதோ என்னமோ."

"ஆகலேன்னா தள்ளிட்டுப் போறேன். நீங்க பாருங்க."

அலுவலக அறையின் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

வண்டியை இழுவைக் கம்பியால் உருளைமேல் ஏற்றினேன். பானட்டைத் திறந்து எஞ்சின் சுற்றை எண்ண ஸ்பார்க் பிளக் வயரில் ஒரு கிளிப். புகையை அளக்கப் புகைக்குழாயில் ஓர் உணர்கருவி. பேட்டரியை மாற்றினேன். அளப்பதற்கு அது போதும், மற்றதைத் தொடவில்லை.

பிறகு பட்டை. இங்கேதான் நான் மனுஷனாக நடந்துகொள்ளவில்லை. வேண்டுமென்றே ராட்செட்டை இரண்டு பல் குறைத்து நிறுத்தினேன். அதே 488 வந்துவிட்டால் போதும். அந்தப் பையன் சாவுக்கு நான் காரணமில்லை என்று ஆகிவிடும். அந்த ஆசை வந்தபோதுகூட எனக்கு வெட்கமாக இல்லை. எதுவுமே இல்லை.

3:12. சாவியைத் திருப்பினேன்.

முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. இருமல் இல்லை, திணறல் இல்லை. மூன்று மாதம் குளிரில் கிடந்த வண்டி அப்படிப் பிடிக்காது.

பெட்ரோல் வாசனை வரவே இல்லை.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். பெடல் கனமே இல்லாமல் தொளதொளவென்று இறங்கியது. ஆனாலும் எஞ்சின் உறுமியது… பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது.

3:14. திரையில் 488.

'அப்பாடா' என்றேன். வாய்விட்டே சொன்னேன்.

புகையை அளக்கும் மீட்டரைப் பார்த்தேன். வெறும் காற்று என்று காட்டியது. எரிந்த புகை துளிகூட இல்லை. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எஞ்சினை அணைத்தேன்.

க்ளிக்.

வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தச் சத்தம்.

…க்ளிக்.

அந்தச் சத்தத்தை முப்பத்தொரு வருஷமாகக் கேட்கிறேன். ராட்செட்டில் ஒரு பல் ஏறும் சத்தம்.

இறங்கிப் பின்னால் போனேன். யாரும் இல்லை. வெர்னா கண்ணாடிக்குப் பின்னால் அதே நாற்காலியில், அதே கோட்டில். பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். விண்ணென்று இறுகியிருந்தது.

சரியாக இரண்டு பல்.

நிமிரும்போது கை புகைக்குழாயில் பட்டுவிட்டது. சுட்டுக்கொண்டோம் என்று உதறினேன்.

சுடவில்லை.

முழு வேகத்தில் ஓடி நின்ற எஞ்சின்… குழாய் பனிக்கட்டியாக இருந்தது.

ஓடியிருக்கலாம். திரும்பப் போய் சீட்டில் உட்கார்ந்தேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

3:21.

சாவியில் கை வைக்கும் முன்பே எஞ்சின் பிடித்தது.

பெடல் தானாக இறங்கியது.

என் கால் அதன்மேல் இல்லை.

ஐயாயிரம் சுற்று… ஆறாயிரம்…

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு சத்தம் நின்றது.

திரையில் 604.

கோடு நெளியவில்லை.

பிரிண்டர் தானாகத் தாளைத் தள்ளியது. நான் அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை. வெர்னா எழுந்து வந்து அதை எடுத்தாள். எண்ணைப் படித்தாள்.

"அப்ப அக்டோபர்ல ஏன் கொறஞ்சுது?"

"பட்ட லூஸு," என்றேன். "கட்டுனது நான். எம்மேல தப்பு."

"எப்பத் தெரியும்?"

"அடக்கத்தன்னிக்கு."

அவள் திட்டவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு, "வண்டிய நோலன் வந்து எடுத்துக்குவான்," என்று சொல்லிவிட்டுப் பனியில் இறங்கிப் போனாள்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கள்கிழமை மதியம் 12:40. நோலன் வந்தான். மேஜைமேல் கிடந்த நகலைப் பார்த்தான்.

"இது எந்த வண்டி, பாஸ்?"

"உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அந்தா நிக்குதே, அதுதான். சனிக்கெழம ஓட்டுனேன்."

அவன் ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான்.

"வெளையாடாதீங்க பாஸ். அது ஓடாது."

"ஏன் ஓடாது?"

"சவப்பெட்டிய மூடறதுக்கு முன்னால ஆளாளுக்கு ஏதாச்சும் உள்ள வெச்சாங்க. கியர் குமிழி, சாவிக்கொத்துன்னு… நான் கார்புரேட்டரக் கழட்டி அவன் காலடில, துணிக்குக் கீழ வெச்சேன். அவங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது."

நான் எழுந்து போய் பானட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்டர் மூடியை முதல்முறையாகத் தூக்கினேன்.

கீழே எதுவும் இல்லை. கார்புரேட்டர் உட்கார வேண்டிய இடத்தில் நான்கு போல்ட்டுகள் மட்டும் நின்றன. நடுவில், காற்றும் பெட்ரோலும் எஞ்சினுக்குள் இறங்கும் ஓட்டை அகலமான டேப்பால் ஒட்டி மூடியிருந்தது. அதன்மேல் நோலன் கையெழுத்தில், பேனாவால், நவம்பர் 19 என்று எழுதியிருந்தது.

டேப் ஓர் இடத்தில்கூடக் கிழியவில்லை.