‘ஸ்பேம் இல்லை’ என்று யார் அழுத்துவது

மணலியில் எங்கள் தெருவுக்கு அந்த நாற்றம் காலை ஆறரை மணிவாக்கில்தான் வரும். அழுகிய முட்டையும் கேஸ் கசிவும் கலந்தாற்போல ஒரு நெடி. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையில் கை காட்டுவார்கள். முக்கால் மணி நேரம் நிற்கும், காற்று மாறியதும் போய்விடும். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வீசிங் உண்டு. நெடி வரும் நாட்களில் அவள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு கீச்சுக் கீச்சென்று சத்தம் போடத் தொடங்கிவிடும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு இன்ஹேலரைத் தேடுவேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த முக்கால் மணி நேரத்துக்குள் யாராவது ஒரு அதிகாரி கருவியோடு வந்து எங்கள் தெருக் காற்றை அளந்து எழுதிக்கொண்டு போக வேண்டும். நெடி போன பிறகு வந்தால், “இப்போ ஒண்ணும் இல்லையேம்மா” என்பார்கள். முன்பு இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் மத்தியானத்தில்.

தெருமுனையில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பத்தாம் வகுப்பு ரிசல்ட் எல்லாம் என் கடையில்தான். அதனால் மனு எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. புகாரை வாங்கும் அலுவலகத்தில் மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். “மேற்படி விஷயத்தைத் தங்கள் மேலான கவனத்திற்கு” என்று தொடங்கும். நானே இரண்டு தடவை படித்து மெச்சிக்கொண்ட மனு. எங்கள் பக்கத்தில் மனு என்றால் ஒரு தாள், அதன் கீழே தெருவே வரிசையாகக் கையெழுத்து. கையெழுத்து எத்தனையோ, மனுவுக்கு மரியாதை அத்தனை. மெயிலில் கையெழுத்துக்கு ஏது இடம்? அதனால் எல்லோருக்கும் ஒரு மெயில் கணக்கு தொடங்கிக் கொடுத்து, பெயரை மட்டும் மாற்றி, ஒவ்வொருவர் கணக்கிலிருந்தும் அதே மனுவை அனுப்பினேன். பதில் போட என் மெயில் முகவரியைக் கொடுத்தேன். நெடி வந்த காலையெல்லாம் நாற்பது மனு போகும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அனுப்பிய அடுத்த நொடியே எனக்குப் பதில் வந்து விழும். “தங்கள் புகார் பெறப்பட்டது. தங்கள் நலனே எங்கள் நோக்கம்.” யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை, தானாக வருவது. நாற்பது மனுவுக்கு நாற்பது. முதல் வாரம் பொறுத்துக்கொண்டேன். பெண் மூச்சுக்குத் தவிக்கிறாள், இவர்களுக்கு நலனாம், நோக்கமாம். அதன் பிறகு அது வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஸ்பேம்’ என்று அழுத்திக் குப்பையில் தள்ளினேன். ஒரு வாரம் போனதும் அவை என் கண்ணிலேயே படவில்லை. சனியன் ஒழிந்தது என்று இருந்துவிட்டேன்.

ஒரு மாதமாகியும் யாரும் எட்டிப் பார்க்காததால் இரண்டு பஸ் மாறி நேரில் போனேன். அங்கே மெயில் பார்க்கும் கிளார்க், என் வயதுப் பெண், பெட்டியைத் திறந்து காட்டினார். எங்கள் தெரு மனு ஒன்றுகூட இல்லை.

“ஸ்பேம்ல பாருங்க மேடம்,” என்றேன்.

அத்தனையும் அங்கேதான் கிடந்தன. விளம்பரங்களுக்கும் லாட்டரி மெயில்களுக்கும் நடுவில் என் மேற்படி விஷயம்.

“‘ஸ்பேம் இல்லை’ன்னு அழுத்துங்க மேடம். நாலு தடவை அழுத்தினா அதுவே கத்துக்கும். எம்பொண்ணு ஸ்கூல் மெயிலை நான் அப்படித்தான் சரி பண்ணேன்.”

அவர் என் கண் முன்னாலேயே அழுத்தினார். ஏதோ பெரிய பாடம் நடத்திவிட்ட தோரணையில் திரும்பி வந்தேன்.

மறு வாரம் நெடி வந்தது. நாற்பது மனு போனது. யாரும் வரவில்லை. போன் செய்தால், “ஒண்ணும் வரலையே மேடம்” என்கிறார் அந்தக் கிளார்க். “ஸ்பேம்ல பாருங்க!” என்று கத்தினேன். அங்கேதான் இருந்தது. அதற்கடுத்த வாரமும் அதே கதை, அதே கத்தல். சொல்லிக் கொடுத்தும் ஏறாத மெஷினை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினேன். மறுபடியும் பஸ் ஏறினேன்.

இந்த முறை அந்தப் பெண் என்னை உட்கார வைத்து உண்மையைச் சொன்னார். “கோச்சுக்காதீங்க மேடம். ஒரே லெட்டர் நாப்பது வருது. மத்த ஊர் புகாரெல்லாம் அதுக்கு அடியில போயிடுது. அதனால ஆரம்பத்துல ஒண்ணை மட்டும் படிச்சிட்டு, மத்ததை மொத்தமா ஸ்பேம்ல போட்டுட்டேன். அப்புறம் அதுவே போட ஆரம்பிச்சிடுச்சு. நீங்க சொன்ன அன்னிக்கு நாலு அழுத்தினேன். அதுக்கு முன்னாடி நூறு தடவை அழுத்தியிருக்கேனே.”

ஆக, மெஷின் நன்றாகத்தான் கற்றிருக்கிறது. நான் மெச்சிக்கொண்ட மனுவைத்தான் குப்பை என்று கற்றிருக்கிறது. அவர்மேல் வந்த கோபம் பாதி வழியில் என்மேலேயே திரும்பியது.

தெருவுக்கு வந்ததும், இனி அவரவர் வார்த்தையில்தான் மெயில் என்று சொன்னேன். கடைக்கு எதிர் வீட்டு மீன்கார அக்கா முதல் ஆளாக வந்து நின்றார்.

“இன்னாமே, நான் சொல்றத அப்டியே எய்துவியா?”

“அப்டியே எய்துறேன், நீ சொல்லுக்கா.”

“மூக்குல மொளகாத்தூள் போட்ட மாரி எரியுது. கூடைய தூக்கிகினு கெளம்பசொல்ல தல சுத்துது. எவனாச்சும் காலீல ஆறரைக்கு எங்க வூட்டாண்ட வந்து நின்னு மோந்து பாரு. டீ நான் வாங்கித் தர்றேன். அவ்ளோதான், அனுப்பு.”

அப்படியே அனுப்பினேன். அன்றைக்குப் பத்து மெயில் போனது, ஒன்றுபோல ஒன்று இல்லை. நானும் மேற்படியைத் தூக்கி எறிந்துவிட்டு, பல் துலக்கும்போது என் மகளின் நெஞ்சு போடும் சத்தத்தைப் பற்றி எழுதினேன்.

ஒன்பது நாள் காத்திருந்தேன். போன் செய்யவில்லை, இனிமேல் அவர்களாக வரட்டும் என்ற வீம்பு. அதற்குள் நெடி இரண்டு முறை வந்தது. இரண்டாவது முறை இன்ஹேலருக்குக் கேட்கவில்லை. மகளின் உதடு நிறம் மாறுவதைப் பார்த்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நெபுலைசர் மாஸ்க்கை மாட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. அவள் கட்டிலை விட்டு இரண்டடி தள்ளி நின்று அலுவலகத்துக்குப் போன் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. நீங்களெல்லாம் மனுஷங்களா என்றுகூடக் கேட்டேன்.

கிளார்க் முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். “மேடம், உங்க பத்து மெயிலும் வந்துச்சு. எங்க ஆபீசர் சார் எல்லாத்தையும் படிச்சாரு. அன்னிக்கே உங்களுக்குப் பதில் போட்டு நம்பர் குடுத்தாரு. நாத்தம் வந்த உடனே கூப்பிடச் சொல்லியிருந்தாரு. நீங்கதான் கூப்பிடவே இல்ல.”

“எனக்கு எந்த மெயிலும் வரலை.”

அவர் சொன்னார்: “ஸ்பேம்ல பாருங்க மேடம்.”

செல்போனில் திறந்து பார்த்தேன். தங்கள் புகார் பெறப்பட்டது, தங்கள் புகார் பெறப்பட்டது என்று வரிசையாகக் கிடந்தவற்றுக்கு மேலே, அதே முகவரியிலிருந்து ஒன்று மட்டும் வேறு மாதிரி தொடங்கியது. “உங்கள் மகளுக்கு இப்போது எப்படி இருக்கிறது? நெடி வந்ததும் இந்த எண்ணில் கூப்பிடுங்கள். காலையில் எங்கள் ஆள் பக்கத்திலேயே இருப்பார். பத்து நிமிடத்தில் கருவியோடு வந்துவிடுவார்.” வந்து ஒன்பது நாளாகியிருந்தது.

மகள் மாஸ்க்கை லேசாக விலக்கி, “யாரைம்மா அப்படித் திட்டின?” என்று கேட்டாள். மாஸ்க்கைச் சரியாக மாட்டிவிட்டேன். பிறகு அந்த மெயிலைத் திறந்து ‘ஸ்பேம் இல்லை’ என்று அழுத்தினேன்.