தையல் பிரிக்கும் வரை

பூந்தமல்லியில் நான் நர்ஸாக இருந்த சின்ன ஆஸ்பத்திரியில், ஒருத்திக்கு எட்டாம் மாதத்தில் ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை மறுநாளே இறந்தது. “தையல் பிரிக்கிற வரிக்கும் அவளாண்ட சொல்லாதீங்க சிஸ்டர்” என்றான் புருஷன். அப்போதெல்லாம் குழந்தை அறைக்குள் தாயை விடமாட்டோம். அவள் பீய்ச்சித் தந்த பாலை, பக்கத்துக் கட்டில்காரியின் குறைமாதக் குழந்தைக்குக் குழாயில் ஏற்றினேன்.

“குடிச்சானா?” என்பாள்.

“நல்லா குடிச்சான்” என்பேன்.

தையல் பிரித்த அன்று உண்மையைச் சொன்னோம். அழுது ஓய்ந்தபின், “அப்ப என் பாலை இன்னா பண்ணீங்க?” என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரி கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். தன் குழந்தை குடிப்பது பவுடர் பால் என்று நம்பியிருந்தவள். வேறு சாதிக்காரியின் பால் என்று தெரிந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

“கொட்டிட்டோம்” என்றேன்.